ஒரே கையில் டாட்டிங்கும் ஆர்கனும்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஆர்கன் வாசிக்கிறேன். மற்ற நாட்களில் ஷட்டிலும் (நூல் சுற்றிய, கைக்குள் அடங்கும் சின்ன ஓடம்) நூலும் கையில் இருக்கும். ஷட்டிலால் முடிச்சு முடிச்சாகப் பின்னும் டாட்டிங் லேஸ் போடுவேன். “ரெண்டுக்கும் எப்படி ஆன்ட்டி நேரம் கிடைக்குது?” என்று பாடகர் குழுப் பிள்ளைகள் கேட்பார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாயே என்று சொல்லும் உறவினர்களும் உண்டு. எனக்கு நேரம் ஒருநாளும் பெரிய தொல்லை கொடுத்ததில்லை. இரண்டு வேலையும் ஒரே கையைக் கேட்கின்றன, அதுதான் சங்கடம். அதிலும் இடது கட்டைவிரலை இரண்டுமே விடாமல் கேட்கின்றன. போதாததற்குக் கண்ணையும் கழுத்தையும் வேறு. ஆகவே நாளை இரண்டாகப் பிரித்து இதற்கு ஒரு மணி, அதற்கு ஒரு மணி என்று ஒதுக்கும் யோசனை சரிப்பட்டு வராது. கைக்கு எது எப்போது ஆகும் என்று பார்த்துச் செய்துகொண்ட ஏற்பாடுதான் எனக்கு இத்தனை வருஷமாக ஓடுகிறது. இரண்டில் ஒன்றை விட்டுவிடலாமா என்று யோசிப்பவர்கள் விட வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா ராணிப்பேட்டைப் பக்கத்துக் கிராமச் சபைகளில் உபதேசியார். இன்றைக்கு ராணிப்பேட்டை தனி மாவட்டம். அன்றைக்கு எல்லாமே வட ஆற்காடு. கோயிலில் காலால் மிதிக்கும் ரீட் ஆர்கன் ஒன்று இருந்தது. எனக்குக் கால் எட்டாத வயதில் அக்கா கீழே உட்கார்ந்து மிதியைக் கையால் அழுத்துவாள், நான் வாசிப்பேன். டாட்டிங் பெரியம்மா சொல்லிக்கொடுத்தது. அவர் மிஷன் போர்டிங் பள்ளியில் தையல் வகுப்பில் கற்றவர். நம் ஊரில் லேஸ் என்றாலே நாகர்கோவிலும் இடையன்குடியும்தான் நினைவுக்கு வரும். 19ஆம் நூற்றாண்டில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையாரும், இடையன்குடியில் எலைசா கால்டுவெல் அம்மையாரும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த வேலை அது. திண்டு மேல் குண்டூசி குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அழகென்றால் அப்படியொரு அழகு. ஆனால் அதற்கு ஓரிடத்தில் உட்கார வேண்டும். ஆர்கனும் ஓரிடத்தில்தான் இருக்கிறது. இரண்டும் உட்கார்ந்த இடத்து வேலையாக இருந்திருந்தால் நான் ஒன்றைக் கைவிட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன். டாட்டிங் கைப்பைக்குள் அடங்குவது எனக்குக் கிடைத்த வரம்.

டாட்டிங் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதில் மொத்தமே ஒரு முடிச்சுதான், இரண்டு பாதியாக விழும். நூலை இடது கை விரல்களைச் சுற்றிக்கொண்டு வந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கிள்ளிப் பிடிக்க வேண்டும். வலது கையில் ஷட்டில். முதல் பாதிக்கு ஷட்டில் விரல் நூலுக்கு அடியில் போய் மேலாகத் திரும்பும். இரண்டாம் பாதிக்கு மேலே போய் அடியில் திரும்பும். இதுவரை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். சூட்சுமம் அடுத்த கணத்தில் இருக்கிறது. ஷட்டில் நூல் விரல் நூலைச் சுற்றியிருக்கிறது அல்லவா? இடது கை நடுவிரலைத் தளர்த்திவிட்டு ஷட்டில் நூலை வெடுக்கென்று இழுத்தால், சுற்று ஒரு நூலிலிருந்து மற்ற நூலுக்குத் தாவும். இப்போது விரல் நூல்தான் ஷட்டில் நூலைச் சுற்றியிருக்கும். நடுவிரலை மெல்லத் தூக்கினால் முடிச்சு வழுக்கிக்கொண்டு வந்து கிள்ளின இடத்தில் உட்காரும். தாவாத முடிச்சு இறுகிப் போய்விடும், வளையம் மூடாது. தாவினது ஷட்டில் நூல் மேல் தாராளமாக ஓடும். ஐந்து முடிச்சு, ஒரு பிகாட் (முடிச்சுகளுக்கு நடுவே விடும் சின்ன நூல் கண்ணி), மறுபடி ஐந்து, பிகாட், ஐந்து, பிகாட், ஐந்து. பிறகு ஷட்டில் நூலை இழுத்தால் அத்தனையும் சுருங்கி வளையமாகிவிடும். கைக்குட்டை ஓரத்துக்கு இப்படி வளையமும் சங்கிலியும் (வளையமாக மூடாமல் விடும் முடிச்சு வரிசை) மாறி மாறி வந்தால் போதும்.

கவனித்துப் பாருங்கள், இதில் வலது கைக்கு வேலை குறைவு. தளர்த்துவது, தூக்குவது, கிள்ளிப் பிடிப்பது எல்லாமே இடது கை. ஆர்கனில் தாளம் தப்பாமல் கீழ்ஸ்தாயியைத் தாங்குவதும் பெரும்பாலும் அதே கைதான்.

டாட்டிங்கில் இன்னொரு வசதி, போட்ட முடிச்சு பிரியாது. குரோஷாவில் கொக்கி நழுவினால் ஒரு வரிசையே உருவிக்கொண்டு போகும். இதை வளையத்தின் பாதியில் அப்படியே பைக்குள் போடலாம்; மறுநாள் எடுத்தாலும் விட்ட இடத்திலேயே இருக்கும். காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால், பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் ஒரு வளையம் ஆகிவிடும். ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகிற நாள் எனக்குத் திருநாள். ஆஸ்பத்திரி வரிசை, பேங்க் வரிசை, குக்கர் விசில் வரும்வரை அடுப்பங்கரை என்று சிந்திக் கிடக்கும் நேரமெல்லாம் லேஸுக்குப் போகும். ஆர்கனுக்கு அந்தச் சில்லறை நேரம் பயன்படாது. கோயில் சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. போய்த் திறந்து, உட்கார்ந்து, காது அந்த இடத்துக்குப் பழகவே பத்து நிமிடம் ஆகும். ஒரு மணி நேரமாவது முழுசாகக் கிடைக்கவில்லையென்றால் போவதில் அர்த்தமில்லை. ஆகவே வாரத்தில் முழுசாகக் கிடைக்கும் பொழுதை ஆர்கனுக்குக் கொடுத்துவிடுகிறேன். அந்தப் பொழுதில் லேஸை எடுப்பதே இல்லை. லேஸ் தன் பங்கை எப்படியும் எடுத்துக்கொள்கிறது.

இனி கைக்கு வருகிறேன். இரண்டையும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது வலியின் பாஷையைத்தான். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரமாக ஓடும் தசைநாண்கள் உறைக்குள் உரசி வீங்கினால் அதற்கு டி குவர்வெய்ன் என்று பெயர். விடாமல் கிள்ளிப் பிடிப்பது அதற்கு நேர் வழி. கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் பக்கம் சுருக்கென்று இழுத்தால் ஷட்டிலைக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். தைலம் தேய்த்துக்கொண்டு தொடரக் கூடாது.

கையைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஊர்க்காரணமும் ஒன்று உண்டு. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை இடம் மாற்றி வைத்து அறுவை செய்து, அவற்றை மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தார். 1955இல் ஆரம்பித்த கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி காட்பாடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தொழுநோய் தானாக விரலைத் தின்றுவிடுவதில்லை, உணர்ச்சி போனதால் சுட்டாலும் வெட்டினாலும் தெரியாமல் காயம் மேல் காயம் பட்டே விரல் போகிறது என்று அவரும் அவருடன் இருந்தவர்களும் எடுத்துச் சொன்னார்கள். வலிக்கிறதே என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அது இல்லாமல் தவித்த கைகளைப் பார்த்த ஊர் இது. என் கை வலிக்கிறது என்று சொன்னால் நான் கேட்டுக்கொள்கிறேன்.

நடைமுறையில் நான் வைத்திருப்பது இவ்வளவுதான். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஷட்டிலை வைத்துவிட்டு, விரல்களை நன்றாக விரித்து, தோளை உருட்டிவிடுவேன். கிள்ளும்போது விரல் நுனி வெளுக்கக் கூடாது. வெளுத்தால் தேவைக்கு மேல் அழுத்துகிறேன் என்று அர்த்தம். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் லேஸ் கிடையாது. ஞாயிறு காலை ஆராதனை முடியும்வரை கிடையவே கிடையாது. கிள்ளிக் கிள்ளிப் பழகின கை, ஆர்கன் கட்டையை (விரலால் அழுத்தும் கீயை) விட்டு எழும்பவும் கொஞ்சம் தாமதிக்கும், விரியவும் யோசிக்கும்.

ஆர்கனில் அந்தத் தாமதம் பட்டென்று தெரியும். பியானோவில் காலடியில் ஒரு பெடலை அழுத்தி ஓசையை நீட்டிக்கொள்ளலாம். ஆர்கனில் விரல் எடுத்த அந்த நொடியே ஓசை நின்றுபோகும். பாமாலையை (மேலைநாட்டு மெட்டில் பாடும் ஞானப்பாட்டை) இழைத்து வாசிக்க வேண்டுமானால் ஒரு கட்டையை அழுத்தியபடியே விரலை மாற்ற வேண்டும். நான்காம் விரல் கட்டை மேல் இருக்கிறது. ஓசை அறுபடாமல் ஐந்தாம் விரல் அதே கட்டைக்குள் நழுவி வர, நான்காம் விரல் விடுபட்டு அடுத்த கட்டைக்குப் போகிறது. கேட்பவர்களுக்கு ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். டாட்டிங் எனக்கு உண்மையில் உதவுவது இந்த இடத்தில்தான். மற்ற விரல்கள் அசையாமல் ஒரு விரலை மட்டும் தளர்த்துவது என்ற வித்தையை முடிச்சு தாவும் அந்தக் கணம் ஆயிரம் தடவை பழக்கிவிட்டது. டாட்டிங் போடும் பிள்ளைகளுக்கு விரல் மாற்றுவது சீக்கிரம் வருவதையும் பார்த்திருக்கிறேன். கை சோர்ந்திருக்கும்போது இந்த உதவியெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

கட்டைவிரல் முணுமுணுக்கிற வாரத்தில் ஆர்கனை விட வேண்டியதில்லை. எங்கள் கோயிலில் இப்போது இருப்பது இரண்டு அடுக்குக் கட்டைகளும் கால் பெடல் வரிசையும் உள்ள எலக்ட்ரானிக் ஆர்கன். அந்த வாரம் முழுக்கக் காலுக்கு மட்டும் பயிற்சி. செருப்பை வெளியே விட்டுவிட்டு வருகிற வழக்கத்தில் வெறுங்காலோடுதான் ரொம்ப நாள் வாசித்தேன். நுனிக்கால் சரி, குதிகால் வைக்கிற இடத்தில் சிரமம். பிறகு ஆம்பூரில் தோல் வேலை தெரிந்த ஒருவரிடம் மெல்லிய, வழவழப்பான தோல் அடியும் சின்னக் குதியும் வைத்து ஒரு ஜோடி தைத்து வாங்கினேன். அது ஆர்கன் பெஞ்சுக்கு அடியிலேயே இருக்கும், தெருவில் போடுவதில்லை. தோலுக்குப் பேர்போன ஆம்பூர் இவ்வளவு கிட்டத்தில் இருக்கும்போது வெளியூரில் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

நகம் ஒரு தீராத வழக்கு. பிகாட்டைப் பிரித்துப் பிடிக்கவும் இறுகின முடிச்சை நெம்பவும் லேஸுக்குக் கொஞ்சம் நகம் இருந்தால் நல்லது. ஆர்கனுக்கு நகம் ஆகாது. கட்டையில் கடகடவென்று சத்தம் வரும், விரல் நுனி சரியாக உட்காராது. நான் ஆர்கன் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, முனையில் சின்னக் கொக்கி உள்ள ஷட்டிலுக்கு மாறினேன். நகம் செய்கிற வேலையைக் கொக்கி செய்யும். அதே மாதிரி கைக்கு எண்ணெய், க்ரீம் எல்லாம் ராத்திரி படுக்கப் போகும்போதுதான். பகலில் தடவினால் நூல் அழுக்காகும், கட்டை வழுக்கும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. உள்ளங்கை வியர்வையில் வெள்ளை நூல் பழுப்பேறிவிடும். பவுடர் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். வேண்டாம், அந்தத் தூள் கட்டை இடுக்கில் போய்ச் சேரும். ஈரத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, மே மாதத்தில் வெள்ளையை எடுத்து வைத்துவிட்டுச் சந்தன நிறத்திலோ அடர்ந்த நிறத்திலோ போடுங்கள். வெள்ளை வேலை மார்கழிக் குளிரில் நன்றாக வரும்.

கண்ணைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நாற்பதைத் தாண்டியவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். லேஸை நாம் ஏறக்குறைய 30, 35 சென்டிமீட்டரில் பிடிக்கிறோம். ஆர்கனில் நோட்ஸ் இருக்கும் பலகை 60, 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். படிக்கிற கண்ணாடி லேஸுக்குப் பொருந்தும், நோட்ஸுக்குப் பொருந்தாது. இரட்டை லென்ஸ் போட்டால் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கிக்கொண்டே வாசிக்க வேண்டும். ஆராதனை முடிவதற்குள் பிடரி பிடித்துக்கொள்ளும். கோயிலில் பெஞ்சில் உட்கார்ந்து, கண் முனையிலிருந்து நோட்ஸ் வரைக்கும் ஒரு நூலைப் பிடித்து அளந்து முடிச்சுப் போடுங்கள். வீட்டில் லேஸ் பிடிக்கும் தூரத்துக்கு இன்னொரு நூல். இரண்டையும் கண் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடி எழுதித் தருவார்கள். ஆர்கன் கண்ணாடி ஆர்கனோடு இருக்கட்டும்.

வருஷத்தில் இரண்டு சமயம் இரண்டும் ஒன்றாக வந்து கழுத்தைப் பிடிக்கும். டிசம்பர் ஒன்று, பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் முந்தின நாட்கள் இன்னொன்று. டிசம்பரில் கேரல் ஆராதனைக்கு ஒத்திகை, வீடு வீடாகக் கேரல், புதுப் பாட்டுகள். அதே மாதத்தில்தான் பெண்கள் ஐக்கிய சங்கத்து விற்பனைக்குக் கைவேலை கேட்பார்கள், பரிசுக்குக் கைக்குட்டை கேட்பார்கள். நான் டிசம்பர் லேஸை ஆகஸ்ட்டில் ஆரம்பித்து அக்டோபரில் முடித்துவிடுவேன். நவம்பரில் துவைத்து, நீட்டிக் குண்டூசி குத்திக் காயவைத்து எடுத்து வைப்பதோடு சரி. அதற்கு மேல் யார் கேட்டாலும் “ஈஸ்டருக்கு அப்புறம் தர்றேங்க” என்பதுதான் பதில். மனத்தாங்கல் வரும், பிறகு போய்விடும். பாடல் பட்டியலை வியாழன் சாயங்காலத்துக்குள் தரும்படி ஆயர் ஐயாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை இரவு பட்டியல் வந்தால் நல்ல வாசிப்பு வராது. இதைக் கேட்க ஆர்கன் வாசிப்பவர்கள் தயங்கவே கூடாது.

கூலிக்கு லேஸ் போடுவதை நான் விட்டுவிட்டேன். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரு கைக்குட்டை ஓரத்துக்குப் போகும் மணிக்கணக்கைக் கூலியாகப் போட்டால் வாங்குபவருக்குக் கட்டாது. குறைத்துக் கொடுத்தால் நம் கைக்குக் கட்டாது. பிழைப்புக்காகப் போடுபவர்கள் வேறு, அவர்களுக்குத் தகுந்த விலை கொடுத்து வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். ஆனால் சபையில் வாசிக்கும் பொறுப்பு இருக்கும்போது தேதி குறித்து ஆர்டர் எடுத்தால், அந்தத் தேதி கட்டைவிரலை அவசரப்படுத்தும்.

பிரசங்க நேரத்தில் ஆர்கன் பெஞ்சில் ஷட்டிலை எடுக்கலாமா என்று ஒரு தங்கை கேட்டாள். கை சும்மா இருந்தால் மனம் அலைகிறது, கையில் வேலை இருந்தால் நன்றாகக் கேட்க முடிகிறது என்றாள். அதில் உண்மை இருக்கிறது. கமிட்டிக் கூட்டம், சங்கக் கூட்டம் என்றால் தாராளமாகப் போடட்டும்; நானே போடுகிறேன். ஆராதனையில் மட்டும் வேண்டாம் என்றேன். பிரசங்கம் எந்த வார்த்தையில் முடிகிறது என்று காத்திருந்து, அதற்குத் தகுந்த ஓசையில் அடுத்த பாட்டை எடுத்துக்கொடுப்பது ஆர்கன் வாசிப்பவரின் வேலை. பாமாலை என்றால் நான்கு குரலும் நிறைந்து வர வேண்டும். கீர்த்தனை என்றால் ராகத்துக்குக் குறுக்கே போகாமல், கார்டுகளை (பல சுரங்களைச் சேர்த்து அழுத்தும் ஓசைகளை) குவிக்காமல், ராகத்தின் ஓட்டத்தோடு மெல்லப் போய்க்கொண்டிருந்தால் போதும். இதையெல்லாம் மனத்தில் தயார் செய்யும் நேரம் அது.

இரண்டையும் பாதுகாப்பதில் ஒரே எதிரிகள்தான்: ஈரமும் பூச்சியும். லேஸைக் கஞ்சி போட்டு அடுக்கி வைக்காதீர்கள். கஞ்சிக்காகவே வெள்ளிப்பூச்சி வரும். கஞ்சியில்லாமல் அலசி, நிழலில் உலர்த்தி, பழைய மல்வேட்டித் துணியில் சுருட்டி வையுங்கள். பயன்படுத்தும் அன்று கஞ்சி போட்டால் போதும். மடித்தால் மடிப்பில் நூல் நைந்துபோகும். கிராமத்துக் கோயிலில் இன்னும் ரீட் ஆர்கன் இருந்தால், அதைக் கரண்ட் இல்லாத ஆராதனைக்கு ஆகுமென்றாவது வைத்துக்கொள்ளுங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மழைக்காலத்தில் கட்டை உப்பி ஒட்டிக்கொண்டால் பலவந்தமாக நெம்ப வேண்டாம், வெயில் வந்தால் தானே விடும். ஒரு கட்டை ஊமையாகிவிட்டால் பெரும்பாலும் பித்தளை ரீடில் தூசிதான் சிக்கியிருக்கும். தெரிந்தவரை வைத்து ரீடை உருவி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டால் பேசும். துருத்தித் துணியில் எலி கை வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.

புதிதாக டாட்டிங் ஆரம்பிக்கும் ஆர்கன்காரர்களுக்கு: முதலில் 10ஆம் நம்பர் குரோஷா நூல் வாங்குங்கள். நம்பர் ஏற ஏற நூல் மெலிந்துகொண்டே போகும். 10ம் 20ம் வேலூர் லாங்கு பஜார் பக்கத்து ஃபேன்சி ஸ்டோர்களில் கேட்டால் கிடைக்கும். ஷட்டிலில் ஒரு நிறம், விரலில் சுற்றும் நூல் உருண்டையில் வேறு நிறம் வைத்துக்கொண்டு பழகினால் முடிச்சு தாவிவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியும்: முடிச்சு உருண்டை நூலின் நிறத்தில் இருந்தால் சரி, ஷட்டில் நிறத்தில் இருந்தால் தாவவில்லை. ஏற்கெனவே லேஸ் போட்டு, புதிதாக ஆர்கனுக்கு வருபவர்கள் ஒரே ஒரு பாமாலையை எடுத்து முதலில் கால் மட்டும், பிறகு இடது கையும் காலும், கடைசியில் வலது கை என்று போங்கள். லேஸில் பழகின இடது கை இதில் முந்திக்கொண்டு வரும்.

இப்போது கையிலிருப்பது ஈஸ்டருக்குப் பீடத்து வெள்ளைத் துணியின் ஓரம், 40ஆம் நம்பர் நூலில். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரமே அதைத் தைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். பெரிய வெள்ளி மும்மணி (மூன்று மணி நேர) ஆராதனைக்குப் பாட்டுகள் நிறைய.